நாலு சென்ட் புல்லும் ஒரு கவாத்தும்

1

இன்று காலை இந்த வருடத்தின் முதல் வெட்டை முடித்தேன். வெட்டு என்றால் புல் வெட்டு. அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் ஒரு நடுத்தர ஊரில், எங்கள் வீட்டு முன்புறம் நாலு சென்ட் அளவுக்குப் புல்வெளி இருக்கிறது. அதை மூன்றரை அங்குல உயரத்துக்கு நேர்கோடாக வெட்டி, ஓரம் சீவி, இயந்திரத்தைத் துடைத்து நிறுத்திவிட்டு வந்து, காபியைக் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்து இந்த வாரத்தோடு ஆறு வருடம் ஆகிறது.

திண்டுக்கல்லில் என்னோடு நர்சிங் படித்த தோழி போன வாரம் போனில் கேட்டாள், "லீவு நாள்ல என்னதான்டி பண்ணுவ?"

"புல் வளக்குறேன்" என்றேன்.

"மாடு வச்சிருக்கியா?"

இல்லை என்றேன். ஆடு உண்டா என்றாள். அதுவும் இல்லை என்றேன். பிறகு, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே சித்ரா?" என்று விசாரித்தாள். அவளுக்காகவும், அவளைப் போல அங்கிருந்து எங்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்காகவும் இந்தக் குறிப்பு. பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2

நான் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். இரண்டரை ஏக்கர் மல்லிகை, கொஞ்சம் கனகாம்பரம், வரப்போரம் தென்னை. எங்கள் வீட்டில் புல் என்றால் களை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் களைக்கொத்தை எடுக்க வேண்டும். அருகம்புல்லில் ஒரு கணுவை மண்ணில் விட்டுவிட்டால் போதும், அடுத்த வாரமே திரும்பி வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பதினேழு வயது வரை புல்லைப் பிடுங்கியே வளர்ந்தவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் புல்லைக் காப்பாற்றுகிற வேலை வாய்த்தது. தலையெழுத்து என்பது இதுதான் போலிருக்கிறது.

என் கணவர் செல்வம் திண்டுக்கல் டவுனில் நாகல் நகர்க்காரர். இரண்டு கடைகளுக்கு நடுவில் இருந்தது அவர்கள் வீடு. கோலம் போடவே ரோட்டில்தான் இடம் பிடிக்க வேண்டும். மண் என்றால் அவருக்குத் துளசித் தொட்டியில் இருப்பதுதான். வீடு வாங்கியதும், "இங்க எல்லாரும் கம்பெனிக்காரங்ககிட்ட விட்டுர்றாங்க. அவங்களே வந்து வெட்டிட்டுப் போயிருவாங்க. நாமளும் விட்டுருவோம்" என்றார்.

"தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை நான் இருக்கேன். இந்த நாலு சென்டுக்கு வெளியாள் எதுக்குங்க?" என்றேன். அந்த ஒரு பேச்சுக்காக ஐந்து வருடம் என் முதுகு வலித்தது.

ஏனென்றால் இங்கே புல்லுக்கென்று தனிப் பஞ்சாங்கமே இருக்கிறது. பனி உருகியதும் காய்ந்த புல்தாளை வாரி எடுக்க வேண்டும். மண் சூடேறும் முன்பே, களை முளைக்காமலிருக்க மருந்து தூவ வேண்டும். முதல் வருடம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்படியே விதையும் கால்நடைத் தீவனமும் விற்கும் கடைக்குப் போய், நம் ஊரில் கேட்பது போலவே, "மருந்து வேண்டும்" என்று கேட்டேன். "எந்தப் பிராணிக்கு?" என்றாள் கடைப்பெண். புல்லுக்கு என்றேன். நான் போட்டிருந்த நர்ஸ் உடையை ஒருமுறை பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மூட்டை இருந்த இடத்தைக் காட்டினாள்.

ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு வெட்டு. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் தினமும் தெளிக்காமல், வாரம் இரண்டு முறை, விடியற்காலையில், வேர் வரைக்கும் இறங்கும்படி தண்ணீர். செப்டம்பரில் மண்ணைக் குத்தி விட்டு, சொட்டை விழுந்த இடங்களில் விதை. அக்டோபரில் மேப்பிள் மரங்கள் கொட்டும் இலையை வாரி வாரிக் கை ஓய்ந்துவிடும். குளிர்காலத்தில் சும்மா இருக்கலாம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. உறைபனி படிந்திருக்கும்போது மிதித்தால் தாள் ஒடிந்து, கால்தடம் பழுப்பாக நாள்கணக்கில் நிற்கும். தபால்காரர் குறுக்கே நடந்து போவதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

3

ஐந்து வருடம் ஒழுங்காகத்தான் போயிற்று. கெடுத்தது என் அதிகப்பிரசங்கித்தனம்.

போன வருடம் ஜூலையில் வெயில் கடுமை. எங்கள் புல் வெளிறிப்போய், நோஞ்சான் பிள்ளை மாதிரி நின்றது. எதிர்வீட்டு லிண்டாவின் புல் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. லிண்டா எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவள் கண் முன்னால் என் புல் வாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த மல்லிகைத் தோட்டக்காரி விழித்துக்கொண்டாள்.

மல்லிகைக்கு நாங்கள் செய்வது கவாத்து. கார்த்திகை கடைசியில் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப்போடுவோம். முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, இருக்கிற இலையையும் உருவி, உரம் வைத்து, அப்புறம் தண்ணீர் காட்டுவோம். பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது என்பார்கள். பங்குனியில் வந்து பார்த்தால் கிளைக்குக் கிளை அரும்பு கட்டி நிற்கும். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்தவளுக்கு, ஒட்ட வெட்டினால் செடி வீறுகொண்டு வரும் என்பதில் சந்தேகமே கிடையாது.

ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு இயந்திரத்தின் உயரத்தை ஆகக் கீழே இறக்கி, மண் தெரிகிற மாதிரி வழித்தெடுத்தேன். இரண்டு மூட்டை உரத்தை அள்ளி வீசி, தண்ணீரைத் திறந்துவிட்டேன். செல்வம் வாசலில் நின்று, "இது சரிதானா சித்ரா?" என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? பத்து நாள் பொறுங்க" என்றேன்.

பத்து நாளில் நாலு சென்டும் வைக்கோல் நிறமாகிவிட்டது. வெயில் காலத்தில் இந்த ஊர்ப் புல் தானாகவே உறங்கப் போய்விடும், குளிர்ந்ததும் தானாக எழுந்திருக்கும். நான் செய்தது, உறங்கப் போனவளை எழுப்பி மொட்டையடித்த கதை. போதாததற்குச் சுடுமண்ணில் அத்தனை உரம். நடுநடுவே தரையோடு படருகிற காட்டுப்புல் மட்டும் கொழுகொழுவென்று கிளம்பியது.

ஊரில் இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணனும் மதினியும்தான். அதிலும் கவாத்துக்கு ஆள் கூட்டுவது, களைக்கு விடுவது எல்லாம் மதினி பொறுப்பு. வீடியோ அழைப்பில் புல்வெளியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மதினி மூக்குத்தி போனில் உரசும் அளவுக்கு உற்றுப் பார்த்தாள்.

"எதுக்குத்தா கவாத்து பண்ணுன?"

"நல்லா தழையும்னுதான் மதினி."

"பூக்குறதுக்குல்ல கவாத்து பண்ணுவோம். இதுல என்னத்தா பூக்கப் போகுது?"



4

ஆகஸ்ட் முதல் வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் முன்புறம் குடியிருப்பின் தரத்துக்கு ஏற்ப இல்லை, முப்பது நாளுக்குள் சீர் செய்ய வேண்டும், தவறினால் சங்கமே ஆள் வைத்து மண்ணைச் சுரண்டிவிட்டு, பாய் போலச் சுருட்டி வரும் புல்லைக் கொண்டுவந்து விரித்துவிடும் என்று இருந்தது. கீழே லிண்டாவின் கையெழுத்து. ஆதாரமாக ஒரு புகைப்படம்.

புகைப்படத்தில் நான் இருந்தேன். நைட்டியோடு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தால் காட்டுப்புல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறேன். எடுத்தவர் புல்லைத்தான் எடுத்திருக்கிறார், நான் வேண்டாத விருந்தாளியாக நடுவில் விழுந்திருக்கிறேன்.

தபாலைப் பிரித்தது என் மகள் இனியா. பதினாறு வயது. சின்னவளாக இருந்தபோது நான் குழாயைப் பிடித்தால் சேற்றில் என் பின்னாலேயே நடப்பாள். இப்போது கடைக்கு என்னோடு வந்தால் நாலடி தள்ளி நடக்கிறாள். சிநேகிதிகள் எதிரே வந்தால் தமிழில் பேசமாட்டாள், நான் பேசினாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். கடிதத்தை மேசை மேல் வைத்தாள்.

"அம்மா, இந்த போட்டோ கமிட்டியில எல்லாருக்கும் போயிருக்கும்."

"போகட்டும். களைதானே எடுக்குறேன், களவா எடுக்குறேன்?"

அவள் சிரிக்கவில்லை. இங்கே இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு நடன விழா உண்டு. அதற்குப் புறப்படும் முன், பிள்ளைகள் உடுத்தி அலங்கரித்துக்கொண்டு, யாராவது ஒருவர் வீட்டுப் புல்வெளியில் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடம் நம் வீட்டில் என்று இனியா முந்தின வருடமே சொல்லி வைத்திருந்தாள்.

"படம் லிண்டா ஆன்ட்டி வீட்டுல எடுத்துக்குறோம். கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

சங்கத்தின் கடிதம் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இந்த வார்த்தைதான் குத்தியது. கழுவித் துடைத்து வைத்திருந்த பாத்திரங்களைத் திரும்பவும் எடுத்துக் கழுவிக்கொண்டே அழுதேன். விழாவுக்குள் இந்த மண்ணில் பச்சை வந்தாக வேண்டும், என் பிள்ளை என் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

5

முப்பது நாளில் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகஸ்ட் சூட்டில் போட்ட விதை கருகிவிடும். இரவு குளிர வேண்டும், பகலில் மண் கதகதப்பாக இருக்க வேண்டும். அந்தப் பட்டம் இங்கே செப்டம்பரில்தான் வரும். அவகாசம் கேட்டுச் சங்கத்துக்குப் போன் செய்தேன். குப்பைக்கு இரண்டு, நாய்க்கு மூன்று, புல்லுக்கு நாலை அமுக்கவும் என்றது ஒரு குரல். நாலை அமுக்கினேன். இணையத்தில் படிவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது.

படிவத்துக்குப் பெயர் சீரமைப்புத் திட்டம். ஒப்பந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உரிம எண் என்ற இடத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பூஜ்யம் போட்டேன், ஏற்கவில்லை. ஒன்பது முறை பூஜ்யம் போட்டதும் திறந்தது. இரண்டு நாள் கழித்து, உரிம எண் தவறு, நேரில் வரவும் என்று மின்னஞ்சல் வந்தது.

கூட்டம் சமூகக்கூடத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் செல்வமும். அக்டோபர் பாதி வரை அவகாசம் வேண்டும், ஆள் வைக்கமாட்டேன், நானே செய்வேன் என்றேன். ஏன் செப்டம்பரில்தான் விதைக்க வேண்டும் என்று மண்ணையும் குளிரையும் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். லிண்டா கனிவாகத்தான் கேட்டாள், "இதில் உங்களுக்கு அனுபவம் உண்டா?"

"என் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைக்கிறவர்கள்" என்றேன் நிமிர்ந்து.

"கவாத்து பண்ணுன கதையையும் சேத்துச் சொல்லு" என்றார் செல்வம், உதடு அசையாமல், தமிழில்.

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அக்டோபரில் இரண்டாவது திங்கட்கிழமை ஆய்வு என்று எழுதிக் கொடுத்தார்கள். இனியாவின் விழா அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை.

6

செப்டம்பர் முதல் வாரம் வேலைக்கு நாலு நாள் விடுப்புப் போட்டேன். செத்த தாளை எல்லாம் சுரண்டி எடுத்து, மண்ணைக் கீறி விட்டேன். விதையைத் தூவ உருளும் கருவி ஒன்று கடையில் இருக்கிறது. நான் வாங்கவில்லை. எங்கள் ஊரில் எள் விதைக்கும்போது, விதை பொடிசு என்பதால், அதில் மணல் கலந்து வீசுவார்கள். அப்போதுதான் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும். புல்விதையும் பொடிசுதான். பக்கெட்டில் மணலோடு கலந்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, கிழக்கு மேற்காக ஒருமுறை, தெற்கு வடக்காக ஒருமுறை வீசி நடந்தேன். தெருவில் காரோட்டிப் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கையை வீசினேன்.

மேலே மெல்லிசாக வைக்கோல் பரப்பி, தினமும் மூன்று வேளை தெளிப்பு. முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயவே கூடாது. காலை என் முறை, மத்தியானம் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் செல்வத்தின் முறை. மாலை நாலு மணிக்கு நானும் ஆஸ்பத்திரியில், அவரும் அலுவலகக் கூட்டத்தில். இனியாவிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே தண்ணீர் தெளித்தாள் என்று செல்வம் சொன்னார். எப்படியோ, மண் காயவில்லை.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தேன். இனியா படம் அனுப்பியிருந்தாள். வைக்கோலுக்கு நடுவில் ஊசி ஊசியாகப் பச்சை. கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை. தாழ்வாரத்தில் நின்று அந்தப் படத்தை மூன்று பேரிடம் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மதினிக்கும் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "மொளப்பு சீரா இருக்குத்தா. திட்டுத் திட்டா இல்லாம ஒரே மட்டமா வந்துருக்கு. யாரு வெதச்சது?"

"நான்தான்."

"அப்ப கை மறக்கல" என்றாள் மதினி. அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வாங்குவது எவ்வளவு கடினம் என்று எங்கள் பக்கத்துக் களையெடுப்பு ஆட்களைக் கேட்டால் தெரியும்.

7

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இனியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, சனிக்கிழம எல்லாரும் நம்ம வீட்டுக்கே வரட்டா?"

"லிண்டா வீடு?"

"அங்க வேணாம். இங்க நல்லா இருக்கு."

வரட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயிரின் வயது நினைவுக்கு வந்தது. பயிருக்கு அப்போது ஐந்து வாரம்தான். பார்க்கப் பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தாலும் வேர் இன்னும் பிடிக்கவில்லை. பத்துப் பிள்ளைகள் குதிகால் செருப்போடு ஏறினால் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்துவிடும். திங்கட்கிழமை ஆய்வு. மிதிக்காதே என்று சொன்னால் அவள் மறுபடியும் லிண்டா வீட்டுக்குப் போய்விடுவாள்.

மதினியிடம் புலம்பினேன். "நாத்தங்கால்ல ஆடு எறங்குனாலே கம்பெடுத்து வெரட்டுவோம். நீ பத்துப் பேர எறக்கப் போறியா?" என்றாள் முதலில்.

"பிள்ளை கேட்டுருச்சு மதினி. அவளா வந்து கேட்டுருச்சு."

அதைக் கேட்டதும் மதினி மாறிவிட்டாள். "அப்ப விடுத்தா. பயிரு போனா அடுத்த பட்டத்துல போட்டுக்கலாம்."

நானும் அதே முடிவுக்கு வந்தேன். மிதிக்கட்டும். யாருக்காக விதைத்தேன், சங்கத்துக்காகவா?

சனிக்கிழமை மாலை வந்தார்கள். பெண் பிள்ளைகள் தரை தொடும் கவுனிலும், பையன்கள் கோட்டிலுமாக எங்கள் கார் பாதை நிறைந்துவிட்டது. பெற்றோர்களும் பின்னாலேயே வந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து லிண்டாவும் வந்து நின்றாள். நான் நைட்டியைத் தவிர்த்து, நல்ல சுங்குடிச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தேன். ஒரு பையனின் அப்பா பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் புல்வெளியின் நடுவுக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார். நான் சிரித்த முகமாக நின்றேன். ஒரு பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போனாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நில்லுங்கள், யாரும் மிதிக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இனியா அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா தன் கையால் விதைத்தது. ஐந்து வாரம்தான் ஆகிறது."

வெறும் புல்தானே என்றான் ஒரு பையன்.  இனியா அத்தனை பேருக்கும் முன்னால் என் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டாள்.

"அம்மா, மிதிக்கிறதுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்ல?"

"ஆகும்த்தா" என்றேன்.  செல்வம் என் தோளைத் தொட்டார்.

கார் பாதையின் ஓரத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் நாலு சென்டும் மாலை வெயிலில் பச்சையாகக் கிடந்தது, ஒரு தாள் கூட மடங்காமல். லிண்டா என்னிடம் வந்து, எந்த விதை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். மணல் கலந்ததை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, படிவத்தில் சரி என்று குறி போட்டுவிட்டுப் போனார்களாம். வேலையிலிருந்து வந்தபோது செல்வம் சொன்னார். அவர்கள் வருகிற நாள் என்பதையே நான் மறந்திருந்தேன்.